ஒரே நாள், இரண்டு கொடிகள்: ஆகஸ்ட் 15 திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பரலோக மாதாவை, அதாவது விண்ணேற்பு அன்னை மரியாவை, பாதுகாவலியாகக் கொண்ட பங்குகளின் பங்குத்தந்தையர், பங்குப் பேரவையினர், ஊர் நிர்வாகத்தினர், விழாக் குழுவினர் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

ஆகஸ்ட் 6 அன்று கொடியேற்றி, ஒன்பது நாளும் நவநாள் நடத்தி, பத்தாம் நாளான 15 அன்று பெருவிழா எடுப்பது நம் ஊர்களின் வழக்கம். காமநாயக்கன்பட்டி போன்ற பழைய பங்குகளில் இதற்குப் பல தலைமுறை வரலாறு உண்டு. 1947இல் அதே 15ஆம் தேதி நாட்டின் விடுதலை நாளாகவும் ஆனது. விண்ணேற்பு அன்னை இந்தியாவின் பாதுகாவலி. ஆகவே அந்த நாளில் அன்னையின் விழாவையும் நாட்டின் விழாவையும் ஒரே மனதோடு கொண்டாடும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது.

மனதில் குறை இல்லை. ஏற்பாட்டில்தான் குறை. திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே கூட்டம் போட்டு, அந்தந்த நாள் விழாச் செலவை ஏற்கும் மண்டகப்படிதாரர் பட்டியல், மறையுரையாளர், பேண்டு வாத்தியம், பந்தல் என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம். தேசியக் கொடிக்கோ 14ஆம் தேதி இரவில்தான் ஆள் தேடுகிறோம். போன வருடக் கொடி சக்ரீஸ்து (கோயிலின் பொருள் வைப்பறை) அலமாரியில் மடங்கிக் கசங்கிக் கிடக்கிறது. திருப்பலி முடிந்து அறிவிப்புகளும் நன்றியுரையும் ஆகிப் பாதிப் பேர் வீட்டுக்குப் போன பிறகு, அவசரமாகக் கயிறு இழுக்கப்படுகிறது. சிக்கிக்கொள்கிறது. அல்லது பச்சை மேலே, காவி கீழே என்று விரிகிறது. இந்த வருடம் தேசியக் கொடிக்குத் தனி இடமும், தனி நேரமும், பெயர் சொல்லி ஒப்படைத்த ஆளும் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். அன்றைய தேரைப் பற்றியும் ஒன்று கேட்கப் போகிறோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் இடம். இங்கேதான் பெரும்பாலான பங்குகள் தெரியாமல் விதியை மீறுகின்றன. 15ஆம் தேதி காலையில் கோயில் முற்றத்துக் கொடிமரத்தில் அன்னையின் கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும். கொடிமரம் நாற்பது, ஐம்பது அடி உயரம். அதன் உச்சியில் சிலுவை. பக்கத்திலேயே ஒரு பதினைந்து அடிக் குழாயை நட்டு மூவர்ணக் கொடியை ஏற்றுகிறோம். 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது: தேசியக் கொடியைவிட உயரத்திலோ, அதற்கு மேலோ, அதன் பக்கத்திலோ வேறு கொடி இருக்கக் கூடாது. அது ஏறும் கம்பத்தின் மேல் பூ, மாலை, சின்னம் எதையும் வைக்கக் கூடாது. ஒரே கம்பத்தில் அதோடு வேறு கொடியையும் ஏற்றக் கூடாது. ஆகவே சிலுவை பொருத்திய கொடிமரத்திலேயே தேசியக் கொடியையும் ஏற்றிவிடலாம் என்ற யோசனைக்கு இடமில்லை. கொடிமரத்தின் அடியில் குட்டைக் கம்பம் நடுவதும் சரியில்லை.

சில ஊர்களில் இதற்குப் பரிகாரமாக, அன்னையின் கொடியை ஒரு மணி நேரம் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மந்திரித்து, பவனியாக எடுத்து வந்து, பத்து நாளுக்கென்று ஏற்றிய கொடி அது. கொடியிறக்கம் வரை அது இறங்க வேண்டியதில்லை. எளிய வழி, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பதுதான். பங்குப் பள்ளி மைதானம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. பள்ளி இல்லாத ஊரில் சமூகக் கூடத்தின் முன்புறம், அல்லது கோயில் வளாகத்தின் மறுகோடி. மூவர்ணக் கொடியைப் பார்த்து நிற்பவரின் பார்வையில் வேறு எந்தக் கொடியும் குறுக்கே வராதபடி இடம் பாருங்கள்.

கம்பத்துக்கு ஒரு முழு நீள ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அதாவது 6 மீட்டர், போதும். நிரந்தரமாக நடுவதானால் இரண்டடி ஆழம் தோண்டி கான்கிரீட் போடுங்கள். குழாயை மண் நிரப்பிய டிரம்மில் சொருகி நிறுத்துவது ஆடிக் காற்றுக்குத் தாங்காது. 15ஆம் தேதி ஆடியின் கடைசி நாட்களில் வருகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைப் பக்கம் அப்போது அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் எட்டுகிற தூரத்தில் மின்கம்பி இருக்கவே கூடாது. கம்பத்தைத் தூக்கி நிறுத்தும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. 2025 மார்ச்சில் குமரி மாவட்டம் இனயம்புத்தன்துறையில் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். குழாயும் ஏணியும் மின்சாரத்துக்கு ஒன்றுதான்.

6 மீட்டர் கம்பத்துக்கு 1350 × 900 மில்லிமீட்டர் கொடி பொருந்தும். இது விதித்தொகுப்பில் உள்ள ஒன்பது அளவுகளில் ஒன்று. அதற்கு அடுத்த பெரிய அளவான 1800 × 1200ஐ வாங்கினால், கம்பம் 7 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். எந்த அளவானாலும் நீளமும் உயரமும் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். கடையிலேயே விரித்துப் பாருங்கள். மூன்று பட்டைகளும் சம அகலமா, சக்கரம் வட்டமாக நடுவில் இருக்கிறதா, ஆரங்கள் 24 உண்டா, பின்பக்கமும் சக்கரம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். 2021 டிசம்பர் 30 அன்று செய்த திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் துணியும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஆனாலும் எங்கள் விருப்பம் கதர்தான். சர்வோதய சங்கக் கடைகளிலும் காதி விற்பனை நிலையங்களிலும் கேட்டுப் பாருங்கள். பாலியஸ்டர் லேசான காற்றுக்கே பறக்கும். ஆனால் ஓரம் சீக்கிரம் பிரியும். கதர் மழையில் நனைந்தால் கனத்துக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் தூறல் போடும் ஊர்களில் உலர்ந்த மாற்றுக்கொடி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கயிறு. கம்பத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் ஒரு மீட்டராவது கூடுதல் நீளம் வேண்டும். 6 மீட்டர் கம்பத்துக்கு 13, 14 மீட்டர். கப்பியின் பள்ளத்தைவிடக் கயிறு மிக மெலிதாக இருந்தால், அது பள்ளத்திலிருந்து நழுவிச் சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். உச்சியில் கொடி சிக்குவதற்கு நாம் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். இரண்டாவது, ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறிச் சுற்றாமல் நிற்கும் கப்பி. ஒரு வாரம் முன்பே கம்பத்தைச் சாய்த்து, கப்பிக்கு எண்ணெய் விட்டு, கயிறு தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் ஊதி முடிச்சு இறுகும், நைலான் கயிற்றில் அந்தத் தொல்லை இல்லை.

கொடி தலைகீழாக விரிவது கவனக்குறைவால் மட்டும் நடப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அதற்குக் காரணம் கொடியின் தையலிலேயே இருக்கிறது. மலிவான கொடிகளில் கயிறு கோக்கும் வெள்ளைப் பட்டையின் இரு முனையிலும் ஒரே மாதிரி வளையம் இருக்கும். மடித்துக் கட்டிய பிறகு எது மேல், எது கீழ் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கொடி வாங்கிய அன்றே காவிப் பக்கத்து வளையத்தில் ஒரு காவி நூலைக் கட்டிவிடுங்கள். கம்பக் கயிற்றில் மேல்முனை வர வேண்டிய இடத்திலும் அதே நூல். நூலும் நூலும் சேர்ந்தால் சரி. கட்டுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர் என்று இருக்கட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் கண் தனக்குப் பழகியதையே பார்க்கும்.

பூ வைத்துக் கட்டுவதை விதித்தொகுப்பே அனுமதிக்கிறது. கொடியில் வேறு எந்தப் பொருளையும் பொதிந்து வைக்கக் கூடாது. விடுதலை நாள், குடியரசு நாள் போன்ற நாட்களில் இதழ்களை மட்டும் வைக்கலாம். 1350 × 900 கொடிக்கு ஒரு கை நிறைய இதழ் போதும், கூடை கூடையாக அள்ளிப் போட்டால் பொதி கனத்து, மேலே போனதும் அவிழாது. முதல் நாள் மாலையே ரோஜாவையும் செவ்வந்தியையும் உதிர்த்து, தாளில் பரப்பி ஈரம் போக விடுங்கள். ஈர இதழ் துணியில் ஒட்டும், வெள்ளைப் பட்டையில் கறை விடும். கட்டும் முறை: சுத்தமான பாயில் அல்லது மேசைமேல் கொடியை விரித்து, நீளவாக்கில் பாதியாகவும் மறுபடி பாதியாகவும் மடியுங்கள். பறக்கும் முனையிலிருந்து கயிற்றுப் பட்டையை நோக்கி விசிறி மடிப்பாகக் கொண்டு வாருங்கள். நடுவில் இதழ்களை வைத்து, கீழ்க்கயிற்றால் இரண்டே சுற்றுச் சுற்றி, கயிற்றை ஒரு காதாக வளைத்து, அந்தக் காதைச் சுற்றுக்கு அடியில் சொருகுங்கள். கீழிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் காது உருவி வந்துவிட வேண்டும். மூன்றாவது சுற்றும் போடாதீர்கள், "பத்திரமாக இருக்கட்டும்" என்று ஒரு முடிச்சும் போடாதீர்கள். பத்திரத்துக்காகப் போட்ட முடிச்சுதான் ஊர் முன்னால் அவிழாமல் நிற்கும். 14ஆம் தேதி மாலை அதே கொடி, அதே அளவு இதழோடு ஒரு முறை ஏற்றி அவிழ்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் மேலே அவிழவில்லை என்றால் பதற வேண்டாம். வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது, பையன்களைக் கம்பத்தில் ஏற விடக் கூடாது. நிதானமாக இறக்கி, தளர்த்தி, மறுபடி ஏற்றுங்கள். கூட்டம் அதுவரை அமைதியாக நிற்கும். கொடி விரிந்த பிறகுதான் தேசிய கீதத்தைத் தொடங்க வேண்டும். கட்டி வைத்த பொதி தொங்கும்போதே பாடகர் குழு ஆரம்பித்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பாடகர் குழுத் தலைவர் கம்பத்தைப் பார்த்து நிற்கும்படி இடம் கொடுத்தால் இது தீரும்.

நேரத்தைப் பற்றி எங்கள் கருத்து உறுதியானது: கொடியேற்றம் திருப்பலிக்கு முன்பே இருக்கட்டும். காலை 6.45க்கு மைதானத்தில் கூடுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. கொடியேற்றம். தேசிய கீதம் 52 விநாடி. பிறகு அரசியலமைப்பின் முகப்புரையைத் தமிழில் ஒரு மாணவியோ மாணவனோ வாசிக்க, எல்லோரும் தொடர்ந்து சொல்லலாம். "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குவதை ஊரே சேர்ந்து சொல்லும்போது அது வேறு விதமாகக் கேட்கும். மொத்தம் இருபது நிமிடம். அங்கிருந்து பவனியாகக் கோயிலுக்குப் போனால் 7.15க்குத் திருப்பலி. புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளும் வெயிலில் வாட மாட்டார்கள். வேறு பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் தங்கள் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போவதா, திருவிழாத் திருப்பலிக்கு வருவதா என்று தவிப்பது வருடா வருடம் நடக்கிறது. அவர்களுக்காக முந்தின மாலைத் திருப்பலியை முக்கியத்துவத்தோடு நடத்துங்கள், அது பெருவிழாவின் திருவிழிப்புத் திருப்பலியே.

கீதத்தை ஒலிப்பெருக்கியில் பதிவுபோட்டு ஓட விட வேண்டாம். நம் ஊர்களில் பாடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கீபோர்டுகாரர் சுருதியை உயர்த்திப் பிடித்தால் "ஜய ஹே" வரும்போது பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள். ஒன்றரைக் கட்டைக்குள் தொடங்கினால் ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் எட்டும்.

கொடியேற்ற யாரை அழைப்பது? மண்டகப்படிப் பெருந்தொகை கொடுத்தவரை, அரசியல் பிரமுகரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. அன்றைய நற்செய்தி லூக்கா முதல் அதிகாரம், மரியாவின் பாடல். "வலியோரை அரியணையினின்று தூக்கி எறிந்துள்ளார், தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறார்" என்று அன்னை பாடிய அதே காலையில், ஊர்த் தெருக்களைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் ஒருவரைக் கொடியேற்ற அழையுங்கள். முன்னாள் படைவீரர் இருந்தால் அவரை, நூறு நாள் வேலைக்குப் போகும் மூதாட்டி ஒருவரை அழையுங்கள். முதல் நாள் பயிற்சியில் அவரும் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.

திருப்பலிக்குள் தேசியக் கொடியைக் கொண்டுவராதீர்கள். காணிக்கைப் பவனியில் தட்டில் கொடியை வைத்துப் பீடத்துக்கு எடுத்து வருவதைச் சில இடங்களில் அன்போடுதான் செய்கிறார்கள். காணிக்கையாக வருவது அப்பமும் இரசமும், ஏழைகளுக்கும் கோயிலுக்குமான கொடைகளும். நாட்டின் கொடி யாருக்கும் காணிக்கையாகக் கொடுக்கிற பொருள் ஆகாது. பீடத்தின் மேல்விரிப்பு வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. மூவர்ண விரிப்புக்கு அங்கே இடமில்லை. நாட்டுக்கான இடம் திருப்பலியிலேயே இருக்கிறது, மன்றாட்டுகளில். திருச்சபைக்கான மன்றாட்டுக்கு அடுத்ததே ஆட்சியாளர்களுக்கும் உலகுக்குமானது. அதை அச்சடித்த புத்தகத்திலிருந்து வாசித்துக் கடக்காமல், அந்த வருடம் நாடு பட்ட துயரம் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்னையின் சுரூபத்துக்குச் சக்கரம் அச்சிட்ட மூவர்ணச் சேலை கட்டுவதும், சுவரொட்டியில் அசோகச் சக்கரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாதா படத்தை வைப்பதும் இரண்டு மரியாதைகளையும் ஒருசேரக் குறைப்பவை. கொடியின்மேல் எழுத்தோ படமோ கூடாது. தெருத் தோரணமாக நெகிழிக் கொடிகளை வரிசையாகத் தொங்கவிடுவதும் விதிப்படி தவறு, கொடியை அலங்காரப் பொருளாக்கக் கூடாது. தோரணத்துக்கு அன்னையின் நீலமும் வெள்ளையும் எவ்வளவு அழகு! அதையே கட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாள் கொடிகள் திருப்பலி முடிந்ததும் செருப்புக் காலடியில் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. மைதானத்திலிருந்து கோயிலுக்குள் நுழையும் வாசலில் இரண்டு பெண்கள் துணிப்பையோடு நின்று வாங்கி வைத்தால் போதும். கசங்கியவற்றைப் பிறகு தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிடலாம். 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி இதையெல்லாம் செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. நமது கொடி என்பதால் கேட்கிறோம்.

திருப்பலிக்குப் பிறகு, மாலைப் பவனி வரை நாள் முழுக்கப் போட்டிகளும் பட்டிமன்றமுமாக நிரப்பிவிடுகிறோம். காலை 11 மணி முதல் ஒரு மணி வரை எதையும் வைக்காதீர்கள். ஆகஸ்ட் 15 தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். திருவிழா ஊரில் அன்று கிராம சபைக்கு ஆள் இருப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் நிறைகிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை, தெருவிளக்கு, குடிநீர் என்று வருடம் முழுக்கப் பங்குத்தந்தையிடம் சொல்லும் குறைகளைத் தீர்மானமாக்க வேண்டிய இடம் அதுதான். திருப்பலி அறிவிப்பிலேயே நேரமும் இடமும் சொல்லுங்கள். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் (பங்கின் சிறு குடும்பக் குழு) ஐந்து பேர், எழுதிய மனுவோடு. நாட்டுப்பற்றுக்கு இதைவிடக் கைக்கெட்டிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பத்து நாளுக்குள் ஆகஸ்ட் 10 ஒன்றும் வருகிறது. 1950இல் அந்தத் தேதியில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணைதான் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளிலிருந்து விலக்கி வைத்தது. அதைத் திருச்சபை கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. நவநாளின் ஐந்தாம் நாளான அன்று மறையுரையில் இது பேசப்பட வேண்டும். நாட்டை நேசிக்கிறவர்களுக்கு நாட்டிடம் கேட்க உரிமை உண்டு. அரசியலமைப்பு அவையில் சென்னை மாகாணத்திலிருந்து உட்கார்ந்து மத உரிமைக்காகப் பேசியவர் இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தெருவில் தேர் போவதற்கு நமக்குள்ள உரிமை 25ஆம் பிரிவில் இருக்கிறது.

அப்படியே 17ஆம் பிரிவும் இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த பிரிவு. தேரைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்று சொன்னது இதுதான். பரலோக மாதாவின் தேர் ஊரின் எல்லாக் கத்தோலிக்கத் தெருக்களுக்கும் போகட்டும், தலித் மக்கள் வாழும் தெருக்கள் உட்பட. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவர் 1910இலேயே இடிக்கப்பட்டது. அதற்கு நூறாண்டு கழித்தும் "வழக்கமான பாதை" என்ற ஒரே சொல்லால் தேர் திரும்பி வந்துவிடும் ஊர்கள் இருக்கின்றன. விடுதலை நாளன்றும் திரும்பி வருகிறது.

வழக்கத்தைச் சொல்லத் தயங்குபவர்கள் தெரு குறுகல், கம்பி தாழ்வு என்று காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்தைத் தீர்த்துவிடலாம், அதற்குக் கணக்கு இருக்கிறது. தெருவோரமாகச் செல்லும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.5 மீட்டருக்குக் குறையக் கூடாது, தெருவைக் குறுக்காகக் கடக்கும் இடத்தில் 5.8 மீட்டர். உயர் அழுத்தக் கம்பிக்கு முறையே 5.8, 6.1. இவை ஏட்டில் உள்ள உயரங்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால் தரை உயர்கிறது, வெயிலில் கம்பி தொய்கிறது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். அதனால் ஒரு மாதம் முன்பே மின்வாரியத்துக்குத் தெருப் பெயர்களோடு எழுதிக் கொடுங்கள். அவர்கள் ஆளோடு பாதை முழுக்க நடந்து ஒவ்வொரு கடப்பின் உயரத்தையும் குறியுங்கள். நீங்களே இரும்பு டேப்பை நீட்டி அளக்கக் கூடாது. சக்கரத்தின் அடியிலிருந்து உச்சிச் சிலுவை, குடை, விளக்குச் சரம் எல்லாம் சேர்த்துத் தேர் 4 மீட்டருக்குள் அடங்கினால் நல்லது. தேர் நுழையும் தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று வாரிய ஊழியர் நேரில் சொன்ன பிறகே உள்ளே போக வேண்டும். மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிடும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். ஈர மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும்.

பெரிய தேர் நுழையவே முடியாத தெருவுக்குத் தோளில் தூக்கும் சிறு சப்பரம் இருக்கிறது. இரண்டரை மீட்டர் உயரத்துக்குள், எட்டுப் பேர் தூக்கும்படி, ஜெனரேட்டர் இல்லாமல் பேட்டரி விளக்கோடு கட்டலாம். அன்னையின் சுரூபத்தைத் தேரிலிருந்து சப்பரத்துக்கு மாற்றி அந்தத் தெருக்களுக்கு எடுத்துப் போங்கள். வேறொரு சின்னச் சுரூபத்தை அனுப்பிச் சமாளிக்க வேண்டாம், மக்களுக்கு வித்தியாசம் தெரியும்.

தேரிலும் ஜெனரேட்டர் வண்டியிலும் மூவர்ணக் கொடியைப் போர்த்தவோ கட்டவோ கூடாது. வாகனத்தின்மேல் கொடியைப் போர்த்துவதை விதித்தொகுப்பு தடுக்கிறது. பவனியில் தேசியக் கொடி போனால் அது வலப்புறமோ, மற்றக் கொடிகளின் வரிசைக்கு முன்னே நடுவிலோ போக வேண்டும், பவனியின் முன்னால் போக வேண்டியதோ திருச்சிலுவை. இரண்டு முதன்மைகளை ஒரே வரிசையில் நெருக்காமல், மாலைப் பவனியைச் சிலுவைக்கும் அன்னைக்கும் விட்டுவிடுங்கள்.

ஏற்றிய கொடியை மறப்பதுதான் கடைசித் தவறு. 2022 ஜூலைத் திருத்தத்தின்படி இரவிலும் பறக்கலாம் என்றாலும், ஊரே தேரின் பின்னால் போயிருக்கும் இரவில் அதைக் கவனிக்க ஆளில்லை. பவனிக்கு முன் மாலை 5.30க்கு இறக்கிவிடுங்கள். ஏற்றும்போது விரைவாக, இறக்கும்போது மெதுவாக. தரையில் படாமல் இருவர் ஏந்தி, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடித்து, பிறகு இரு பக்கத்தையும் உள்மடித்தால் சக்கரம் மட்டும் மேலே தெரியும், இரு ஓரத்தில் காவியும் பச்சையும் கொஞ்சம். உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டுபோய்ப் பருத்தித் துணிப்பையில் வையுங்கள், நெகிழிப் பையில் பூஞ்சை பிடிக்கும். இறக்குபவர் பெயரையும் ஏற்றுபவர் பெயரையும் விழா அழைப்பிதழிலேயே அச்சிடலாம்.

ஜூலை முதல் ஞாயிறு பேரவைக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, நான்கு பெயர்களை அன்றே எழுதிவிடுங்கள்: கொடிக்கும் கம்பத்துக்கும் ஒருவர், மின்வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மனு எழுத ஒருவர், கிராம சபைக்கு ஒருவர், தேர்ப் பாதைக்கு ஒருவர். 14, 15 தேதிகளில் காவல்துறையினர் விடுதலை நாள் பாதுகாப்புப் பணியில் இருப்பார்கள், அதனால் பவனி அனுமதி மனு ஜூலைக்குள் போய்ச் சேர வேண்டும். தேர்ப் பாதைக்கான பெயர், தேர் இதுவரை போகாத தெருவிலிருந்து வரட்டும்.

அன்னையின் அன்பில்,
பங்குத் திருவிழாப் பணிகளில் கைகொடுக்கும் பொதுநிலையினர் சிலர்